மெஹர் பானு சர்வர் பார்க்கப் போனது

மெஹர் பானுவிடம் கொடுத்த போட்டோ வெளியே போகாது என்று சேலையூரில் ஒரு பேச்சு உண்டு. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், தன் வீட்டு முன்னறையிலேயே அவர் முஸ்லிம் குடும்பங்களுக்கான கல்யாணத் தகவல் மையம் நடத்திவந்தார். பெண்ணின் படத்தைக் கவரில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டுவார். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் தன் கண் முன்னால்தான் காட்டுவார். பார்த்து முடித்ததும் கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொள்வார். யாராவது செல்போனை எடுத்துப் படம் பிடிக்கப் பார்த்தால், "அதெல்லாம் இங்க கிடையாது தம்பி, போனை உள்ள வைங்க" என்பார். முகத்தில் சிரிப்பு இருக்கும். ஆனால் நீட்டிய கையை மடக்க மாட்டார்.

அவருடைய கணவர் பக்கீர் முகமது பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே டைல்ஸ் கடை வைத்திருந்தார். சுற்றிலும் புது அபார்ட்மெண்டுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம், கடை நன்றாக ஓடியது. மனைவியின் தொழிலில் அவர் தலையிட மாட்டார். தன் தொழிலிலும் தலையிட விட மாட்டார்.

மையத்துக்கு இணையதளம் வேண்டும் என்று சொன்னது மகள் ஃபாயிசா. "துபாய்ல இருக்கற மாப்பிள்ளை உங்க முன்ரூம் சோபாவுல வந்து உட்காந்துதான் போட்டோ பாக்கணுமாம்மா?" என்று கேட்டாள். மெஹர் பானு பல வாரம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார். கேம்ப் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு மேலே ஒற்றை அறையில் தளங்கள் வடிவமைத்துக் கொடுக்கும் எழில் என்ற இளைஞன் அதைச் செய்து கொடுத்தான். பெயர் பதிவு செய்துகொண்ட குடும்பங்கள் மட்டும் படங்களைப் பார்க்கலாம் என்பது ஏற்பாடு.

தளம் வந்ததும் ஆம்பூர், கீழக்கரை, ஷார்ஜா என்று எங்கெங்கிருந்தோ வரன்கள் வந்தன. மெஹர் பானு தட்டச்சு பழகினார், மெயில் அனுப்பப் பழகினார். அந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவர் யோசித்ததே இல்லை. அது அவர் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டருக்குள் இருப்பதாகத்தான், யோசிக்காமலேயே, நினைத்துக்கொண்டிருந்தார்.

2008-ல் ரமலான் முடிந்து கல்யாணப் பேச்சுகள் சூடு பிடித்த நேரம். ஒரு காலையில் ஷார்ஜாவிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். அவர் குரலில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. "உங்க சைட்டைத் திறந்தா வேற என்னமோ வருதும்மா. பேரப்பசங்க பக்கத்துல இருந்தாங்க, அவசரமா மூடிட்டேன்."

மெஹர் பானு திறந்து பார்த்தார். மையத்தின் பெயரும் பச்சை நிறப் பூ வேலைப்பாடும் வர வேண்டிய இடத்தில் ஒரு சூதாட்டப் பக்கம் வந்தது. அரைகுறை ஆடையில் ஒரு பெண் சீட்டுக்கட்டை விசிறிபோல் பிடித்துக்கொண்டு கண்ணடித்துக்கொண்டிருந்தாள். மூடிவிட்டு மறுபடி திறந்தார். மறுபடியும் அவளே. மானிட்டரின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, எழிலின் அறைக்கு நடந்தே போனார்.

எழில் ஏற்கெனவே வியர்த்திருந்தான். "நம்ம சைட் தனி மெஷின்ல இல்ல மேடம். நூத்துக்கணக்கான சைட் ஒரே மெஷின்ல இருக்கும். அபார்ட்மெண்ட்டுன்னு வெச்சிக்கோங்க. பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் திறந்து போட்டுட்டான். திருடன் அது வழியா வந்து எல்லா வீட்டு வாசல்லயும் போஸ்டர் ஒட்டிட்டுப் போயிட்டான்."

"பக்கத்து வீட்டுல யாரு?"

"அது தெரியாது மேடம்."

"ரெண்டு வருஷமா குடியிருக்கேன். பக்கத்துல யாருன்னு தெரியாதா?"

"நமக்குச் சொல்ல மாட்டாங்க."

"சரி. திருடன் வாசலோட போனானா, உள்ள வந்தானா?"

"வாசலோடதான் போயிருக்கணும்."

"போனானா, போயிருக்கணுமா?"

எழில் கீபோர்டைப் பார்த்தான். ஏதோ தட்ட ஆரம்பித்தான்.

தளம் சரியாவதற்கு இரண்டு நாள் பிடித்தது. அதற்குள் விஷயம் பரவிவிட்டது. முதலில் வந்தவர் ஷாயிஸ்தா என்ற பெண்ணின் அம்மா. மகளின் படத்தை ரொம்பத் தயங்கிக் கொடுத்திருந்தவர். வந்து உட்காரக்கூட இல்லை.

"அக்கா, எம் பொண்ணு போட்டோ இப்ப எங்க இருக்கு?"

மெஹர் பானு பீரோவைப் பார்த்தார். அதில் கவர் இருந்தது, கவருக்குள் படமும் இருந்தது. ஆனால் அந்த அம்மா கேட்டது அதையல்ல என்று அவருக்கும் தெரியும். எழிலுக்குப் போன் செய்தார். "அமெரிக்கா கம்பெனி மேடம். டெக்சாஸ்னு நெனைக்கிறேன். வேற ஊராவும் இருக்கலாம்" என்றான் எழில்.

"அமெரிக்காவாம்" என்றார் மெஹர் பானு.

"எங்க வீட்டு ஆம்பளைங்களே அந்தப் படத்தைப் பாத்ததில்ல" என்றார் ஷாயிஸ்தாவின் அம்மா. "எடுத்துடுங்கக்கா. எல்லாத்துலேர்ந்தும் எடுத்துடுங்க."

மெஹர் பானு எடுத்துவிட்டார். பிறகு எழில், அந்தக் கம்பெனி வைத்திருக்கும் நகல்களில் அது இன்னும் கொஞ்ச நாள் இருக்கக்கூடும் என்றான். நகல் எங்கே இருக்கும் என்று கேட்டதற்கு, அது வேறு ஊராக இருக்கலாம் என்றான். மெஹர் பானு அதை ஷாயிஸ்தாவின் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

இந்த இடம் வேண்டாம் என்பது மட்டும் முடிவாயிற்று. வேறு எங்கே போவது?

ஃபாயிசாவின் கணவர் அசார் சிறுசேரியில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மாமியாரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"மாமி, இனிமே எல்லாம் கிளவுட்தான். மெஷின் வாங்க வேணாம், வாடகைக்கும் எடுக்க வேணாம். எவ்வளவு யூஸ் பண்றீங்களோ அதுக்கு மட்டும் பில் வரும். ஈ.பி. மீட்டர் மாதிரி. கூட்டம் ஜாஸ்தியானா தானா பெருசாகும், கம்மியானா சின்னதாகும்."

"எந்த ஊர்ல இருக்கும் மாப்பிள்ளை?"

"அது தெரியவே வேணாம் மாமி. அதான் அதோட அழகே."

மெஹர் பானுவுக்கு இது பிடிபடவில்லை. எங்கே என்று தெரிந்த ஒன்றிலேயே ஆபத்து வந்தது என்றால், தெரியாமலே இருப்பது எப்படிப் பாதுகாப்பு ஆகும்? ஆனால் தெரிந்த இடம் என்று ஒன்று முன்பும் இருக்கவில்லையே. மருமகன் படித்தவர், நல்லவர், வேலை மெனக்கெட்டுச் செய்கிறார். மெஹர் பானு தலையாட்டினார்.

உண்மையான படங்களைப் போட வேண்டாம், முதலில் பழகிப் பார்க்க உங்கள் கல்யாணப் படத்தையே போடுங்கள் என்றார். அசாரும் சிரித்துக்கொண்டே தங்கள் நிக்காஹ் படங்களை ஏற்றி ஒரு மாதிரித் தளம் செய்து கொடுத்தார். அதை நிர்வகிக்கும் பக்கத்தையும் காட்டினார். அதில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. "பச்சை இருந்தா ஓடிட்டிருக்குன்னு அர்த்தம்."

அடுத்த வாரம் ஒரு மதியம், மெஹர் பானு பெருங்களத்தூர் கடைக்குக் கிளம்பினார். விளக்கை அணைத்தார், ஃபேனை அணைத்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தால் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்காத தளம் மதியம் முழுவதும் வீணாக ஓடிக்கொண்டிருக்கிறதே, ஈ.பி. மீட்டர் என்றுதானே மாப்பிள்ளை சொன்னார். அந்த வலைப்பக்கத்தில் தேடினார். 'டெர்மினேட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அந்த வார்த்தை அவருக்குப் பழக்கமானதுதான். பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் ரயில் வண்டி தாம்பரத்தில் டெர்மினேட் ஆகும், எல்லோரும் இறங்குவார்கள், கொஞ்ச நேரத்தில் அதே வண்டி மறுபடி பீச்சுக்குக் கிளம்பும். அழுத்தினார். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அசார் வந்து பார்த்தார்.

"மாமி, சைட் எங்க?"

"நிறுத்தி வெச்சிருக்கேன். நீங்க ஓட்டுங்க."

அசார் கொஞ்ச நேரம் எதையெதையோ திறந்து பார்த்தார். "அது நிக்கல மாமி. போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல. இல்லாமப் போயிடுச்சு."

மெஹர் பானு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உங்க கல்யாண போட்டோவை அழிச்சிட்டேனா?"

"எங்ககிட்ட ஆல்பம் இருக்கும்மா" என்று ஃபாயிசா அடுக்களையிலிருந்து சிரித்தாள். அசாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி செய்துவிடலாம், அதுதான் இதன் வசதி என்றார். ஆனால் மெஹர் பானுவுக்கு மனம் ஆறவில்லை. அது நூறு பெண்களின் படங்களாக இருந்திருந்தால்? அணைப்பதற்கும் அழிப்பதற்கும் பொத்தானை ஒரே இடத்தில் வைத்த மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவருக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு அசாருக்கும் வெளிநாட்டு வேலை ஒன்று வந்து, வாராவாரம் வர முடியாமல் போனது.

பக்கீர் முகமதுவின் கடைக்கு அந்தச் சமயத்தில் ரோஸி என்ற பெண் குளியலறை டைல்ஸ் வாங்க வந்தாள். பெருங்களத்தூரில் புதிதாக ஃபிளாட் வாங்கியிருந்தாள். பேச்சுவாக்கில், பழைய மகாபலிபுரம் சாலையில், இணையதளங்களைத் தங்கள் மெஷினில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் வேலை செய்வதாகச் சொன்னாள். பக்கீர் முகமது டைல்ஸைக் கீழே வைத்தார்.

"ஹோஸ்டிங்கா? எங்க வூட்டுல அந்தப் பேஜாருதாம்மா ஓடிகினு கீது. தலையும் புரியல, வாலும் புரியல. ஒரு தபா வந்து எங்க வூட்டம்மாகிட்ட பேசும்மா."

ரோஸி வந்தாள். உட்கார்ந்ததும் விளக்க ஆரம்பித்தாள். "இதை எப்படிச் சொல்லலாம்னா அக்கா, ஒரு ஆஸ்பத்திரி..."

"உதாரணம் மட்டும் வேணாம்மா" என்றார் மெஹர் பானு. "அபார்ட்மெண்ட் கேட்டாச்சு, ஈ.பி. மீட்டர் கேட்டாச்சு. கேட்டுக் கேட்டுத்தான் குழம்பிப் போயிருக்கேன். எது எப்படியோ அப்படியே சொல்லு."

ரோஸி கொஞ்சம் யோசித்தாள். "சர்வர் எங்களோடது. அதுல உங்க சைட் மட்டும் இருக்கும். பாத்துக்கறதும் நாங்கதான். பூட்டு சரியா இருக்கா, நகல் எடுத்தாச்சான்னு தினம் பாப்போம். ஏதாவது ஆனா நீங்க போன் பண்ணலாம். மனுஷங்க எடுப்பாங்க."

"எங்க இருக்கும்?"

"சோழிங்கநல்லூர் தாண்டி."

"நான் பாக்கணும்."

ரோஸியிடம் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை போல. வாடிக்கையாளர்கள் எல்லோரும் விலையைத்தான் கேட்பார்கள். மேலதிகாரிகளைக் கேட்டு அனுமதி வாங்கி வந்தாள். ஒரு காலையில் புர்காவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மெஹர் பானு ரோஸியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தார். மேடவாக்கம் வழியாகப் போகும்போது வழியெல்லாம் தூசி, லாரி. ரோஸி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ம் போட்டுக்கொண்டே போனார்.

கட்டடம் பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்தது. வாசலில் காவலர் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார். அது மெஹர் பானுவுக்குப் பிடித்தது. கதவுக்குப் பின் கதவாகக் கடந்து உள்ளே போனால் ஐஸ் பெட்டி மாதிரி குளிர். புர்கா போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. உயரமான கறுப்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நின்றன. சத்தம் காதை அடைத்தது. உள்ளே குட்டிக் குட்டி விளக்குகள் எரிவதும் அணைவதுமாக இருந்தன. வேறொன்றும் இல்லை. இதைப் பார்க்கவா வந்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், இவ்வளவு பத்திரமான இடத்தில் கல்யாணப் போட்டோவை வைக்க நமக்கென்ன யோக்கியதை என்றும் தோன்றியது.

"இதுல என்னோடது எது தம்பி?" என்று அங்கிருந்த ஊழியரைக் கேட்டார்.

அவர் ஒரு அலமாரியைக் காட்டினார். மெஹர் பானு கிட்டே போய் நின்று பார்த்தார். ரோஸி குனிந்து ஊழியரிடம் ஏதோ கேட்டுவிட்டு, "இது வேற கம்பெனியோடது அக்கா. உங்களோடது அடுத்த வரிசையில வரும்" என்றாள். அடுத்த வரிசைக்குப் போனார்கள். அங்கே அலமாரி காலியாக இருந்தது.

காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டே மெஹர் பானு கேட்டார்: "இங்க வேலை செய்யறவங்க நெனச்சா, அந்தப் போட்டோங்களைத் திறந்து பாக்க முடியுமா?"

எழிலிடம் இதைக் கேட்டிருந்தார். பாஸ்வேர்ட் இருக்கு, யாராலும் முடியாது என்றிருந்தான். அசாரும் சான்ஸே இல்லை மாமி என்றிருந்தார். ஊழியர் இப்போது ரோஸியின் முகத்தைப் பார்த்தார்.

"முடியும் அக்கா" என்றாள் ரோஸி. "மெஷினைப் பாத்துக்கறவங்களால முடியும். பாத்தா யார் உள்ள போனாங்கன்னு பதிவாகும், வேலை போயிடும். ஆனா முடியுமான்னு கேட்டீங்க. முடியும்."

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் பக்கீர் முகமது கேட்டார். "இன்னா ஆச்சு போன காரியம்?"

"முடியாதுன்னு சொன்ன ரெண்டு பேரும் நல்ல பசங்க. முடியும்னு சொன்னவளும் நல்ல பொண்ணு. யார் பேச்சை எடுத்துக்கறது?"

"தரை வழுக்குமான்னு எங்கிட்ட கேக்கறவங்களுக்கு, தண்ணி பட்டா வழுக்கும்னுதான் நான் சொல்லுவேன்."

"அவங்க வாங்கறாங்களா?"

பக்கீர் முகமது குழம்பை ஊற்றிக்கொண்டார். "பாதிப் பேரு பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க."

இப்படி ஒரு முடிவும் எடுக்காமல் நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஷாயிஸ்தா வந்தாள். அவள் பெருங்களத்தூரில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தாள். படத்தில் மட்டுமே பார்த்திருந்த பெண் நேரில் வந்து கதவைத் தட்டியதும், மெஹர் பானுவுக்கு யாரென்று உடனே பிடிபடவில்லை.

"அக்கா, எம் போட்டோவை ஏன் எடுத்தீங்க?"

"உங்கம்மாதாம்மா எடுக்கச் சொன்னாங்க. நடந்தது தெரியுமில்ல?"

"தெரியும். என்னை யாரும் கேக்கல." அவள் குரலை உயர்த்தவில்லை. "எம் போட்டோ நெட்ல, ஆர்குட்ங்கற ஃப்ரெண்ட்ஸ் சைட்ல இருக்கு. ஆபீஸ்ல எல்லாரும் வெச்சிருக்காங்க, நானும் வெச்சிருக்கேன். அம்மாவுக்குத் தெரியாது. அங்க யார் யாரோ பாக்கறாங்க. இங்க என்னைக் கல்யாணம் பண்ணிக்க நெனைக்கறவங்க மட்டும் பாக்கக் கூடாதா?"

மெஹர் பானு பூட்டுக்காகவும் அலமாரிக்காகவும் இத்தனை நாள் அலைந்திருக்கிறார். அந்தப் படம் எல்லாப் பூட்டுக்கும் வெளியே, அந்தப் பெண்ணே கையில் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்றாக இருந்திருக்கிறது. அப்படியானால் தான் எதைக் காத்துக்கொண்டிருந்தோம்? காக்கவே வேண்டாமா?

"அப்ப யார் வேணா பாக்கலாமா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்லக்கா. யார் பாக்கணும்னு நான் சொல்லணும்."

ஷாயிஸ்தா தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினாள். இவ்வளவு வருடத்தில் பெண்ணின் படம் அம்மாவின் கையிலிருந்துதான் அவருக்கு வந்திருக்கிறது, அம்மாவின் கைக்குத்தான் திரும்பியிருக்கிறது. நடுவில் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கமே இருந்ததில்லை.

மறுநாள் எழிலிடம் போய்ச் சொன்னார். யாராவது படத்தைப் பார்க்க விரும்பினால், முதலில் பெண்ணின் செல்போனுக்குச் செய்தி போக வேண்டும். அவள் சரி என்றால்தான் படம் திறக்க வேண்டும்.

"ஒவ்வொரு தடவையும் கேக்கணுமா மேடம்? ரொம்ப வேலை ஆகும்."

"ஆகட்டும்பா."

எழில் முனகிக்கொண்டே செய்தான். அம்மாக்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. சிலர் வேறு மையத்துக்குப் போய்விட்டார்கள். ஷாயிஸ்தாவின் அம்மா மகளோடு வந்து, முன்னறையிலேயே ஒரு மூச்சு வாக்குவாதம் நடத்திவிட்டு, கடைசியில் மகளே எடுத்துக் கொடுத்த வேறொரு படத்தைப் போடச் சம்மதித்தார். ஆர்குட் பற்றி அன்றைக்கு அங்கே பேச்சு எழவில்லை.

ஹோஸ்டிங்குக்கு மெஹர் பானு ரோஸியின் கம்பெனியையே பிடித்தார். ஏன் என்று அசார் போனில் கேட்டபோது அவரால் காரணம் சொல்ல முடியவில்லை. கிளவுடைவிட இது கூடுதல் செலவு என்று அசார் கணக்கோடு விளக்கினார். மெஹர் பானு முழுதும் கேட்டுவிட்டு, "இருக்கட்டும் மாப்பிள்ளை. அந்தப் பொண்ணு முடியும்னு சொன்னாளே" என்றார். அது எப்படி ஒரு காரணமாகும் என்று அசாருக்கும் புரியவில்லை. யோசித்துப் பார்த்தால் மெஹர் பானுவுக்குமே புரியவில்லை.

தளம் மாறிய பிறகு பெரிய தொந்தரவு வரவில்லை. ஒருமுறை படங்கள் திறக்காமல் நின்றன. போன் செய்தார், எடுத்தார்கள், மதியத்துக்குள் சரியானது. அவ்வளவுதான்.

ஒரு வருடம் கழிந்து ரோஸி போன் செய்தாள். "அக்கா, உங்க சைட்டை வேற ஏற்பாட்டுக்கு மாத்தறோம். தனி மெஷின் இனிமே இல்ல. நாலஞ்சு மெஷின் சேந்து ஒண்ணா வேலை செய்யும், உங்களோடது அதுல ஓடும். உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

"இதுக்குப் பேரு என்னம்மா?"

"பிரைவேட் கிளவுட்னு சொல்றாங்க அக்கா."

மெஹர் பானு யோசித்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தது இதுவா, வேறா? கேட்டால் ரோஸி மறைக்காமல் சொல்வாள், ஆனால் சொன்னால் புரியுமா? "நல்லா பாத்துக்கோம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் தளத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எல்லாம் நேற்றைப் போலவே இருந்தது.

அதற்குப் பின் ஒரு நாள் அந்தோணிசாமி என்பவர் வந்தார். பெருங்களத்தூரில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வரன் பார்த்துக் கொடுப்பவர். அவரும் இணையதளம் தொடங்கப் போகிறாராம். நீங்கள் இதிலெல்லாம் அனுபவப்பட்டவர் என்று டைல்ஸ் கடை பாய் சொன்னார், எந்த மாதிரி எடுக்கலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

மெஹர் பானு ஆரம்பித்தார். எல்லாரும் சேர்ந்து ஒரே மெஷினில் இருப்பது ஒன்று, தனியாக இருப்பது ஒன்று, எங்கே என்றே தெரியாமல் இருப்பது ஒன்று. ஆனால் தனியாக இருப்பதும் பிறகு சேர்ந்துகொள்ளும். சேர்ந்து இருந்தாலும் அது முதலில் சொன்ன மாதிரி சேர்ந்து இருப்பதில்லை. பாதியில் தன் பேச்சு தனக்கே கேட்டு நிறுத்தினார்.

"எனக்கு முழுசாப் புரியல சார்" என்றார். "புரிஞ்ச மாதிரி இருக்கும், மறுநாள் பாத்தா இருக்காது. ஆனா நல்லாத்தான் ஓடுது."

அந்தோணிசாமி நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "அப்ப நான் இன்னா பண்றது?"

மெஹர் பானு செல்போனை எடுத்து ரோஸியின் எண்ணை அழுத்தி, மணி அடிக்க ஆரம்பித்ததும் அவர் கையில் கொடுத்தார். "நீங்களே கேளுங்க. கேக்கறதைத் தயங்காமக் கேளுங்க." பிறகு தேநீர் போட உள்ளே போனார். முன்னறையில் அந்தோணிசாமி, "ஹலோ... ஆமாம்மா, கல்யாண சைட்டுதான்... உதாரணமா? சொல்லும்மா, சொல்லு" என்றது அடுக்களை வரை கேட்டது.